மேற்கண்ட பால் தொடர்பாக

1

பினாங்குத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி இந்த மாதத்தோடு பதினான்கு வருடங்கள் ஆகின்றன. இத்தனை காலம் கழித்தும் என் அடையாள அட்டை சிவப்புதான். இந்த நாட்டில் குடிமக்களுக்கு நீல அட்டை. என்னைப் போல வந்து தங்கிவிட்டவர்களுக்குச் சிவப்பு. என் வீட்டுக்காரர் தாசன் இங்கேயே பிறந்தவர், அவருக்கு நீலம். மகள் ஜெனிக்குப் பன்னிரண்டு வயதானதும் நீலம் வந்துவிட்டது. ஒரே வீட்டில் நான் மட்டும் வேறு நிறம்.

அதனால் இந்த வருடம் குடியுரிமைக்கு எழுதிப்போடத் துணிந்தேன். விண்ணப்பத்தோடு, எதற்காகக் குடிமகளாக விரும்புகிறேன் என்று மலாய் மொழியில் ஒரு பக்கம் கைப்பட எழுதி இணைக்கச் சொன்னார்கள். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். என் மலாயின் இலட்சணம் ஊரில் இதை வாசிக்கும் உங்களுக்குத் தெரியாது. வந்த புதிதில் ஓர் அதிகாரி, கணவரின் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். மலாயில் சம்பளத்துக்கு 'காஜி', யானைக்கு 'காஜா', கணவருக்கு 'சுவாமி'. நான் மிகுந்த பணிவோடு, "என் சுவாமியின் யானை சிறியது" என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அங்கே யாரும் வேலை பார்க்கவில்லை.

ஜெனி நான் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மா, எட்டு எடத்துல தப்பு இருக்கு. குடுங்க, நான் அழகா எழுதித் தாரேன். நீங்க அதைப் பார்த்து எழுதிட்டா போதும் லா."

"தப்பு எங்கேன்னு காட்டு. நானே திருத்துதேன். நீ எழுத வேண்டாம்."

"ஏன்? ஒரு நிமிசத்துல முடிஞ்சிருமே."

"முடிஞ்சிரும். ஆனா அது நான் எழுதினதா இருக்காது."

அவளுக்கு இது புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மலாய், தோழிகளோடு ஆங்கிலம், என்னோடும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் மட்டும் தமிழ் என்று மூன்று மொழிகளிலும் சறுக்காமல் போய்வருகிறவள் அவள். ஒரு வாக்கியத்தை எழுதுவதற்கு ஒருத்தி எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அதனால் அஞ்சலையின் கதையை அவளுக்குச் சொன்னேன். ஊரிலிருந்து என் தங்கை, இந்த இதழுக்கு எழுது, எழுது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன்.

2

பாளையங்கோட்டையில் மாடியில் நடந்த தட்டச்சுப் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் இதை வாசித்தால், அந்த அறையின் சத்தம் அவர்கள் காதில் இன்னும் இருக்கும். அங்கே ஒரே சட்டம்தான்: தாளில் என்ன இருக்கிறதோ அதை அடி. ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே. நாங்கள் வேகத் தேர்வுக்கு அடித்துப் பழகியவை எல்லாம் வியாபாரக் கடிதங்கள். கல்லூரியில் ஒரு வருடம் தமிழில் படித்துவிட்டு நின்ற எனக்கு, ஆங்கிலம் என்றால் அந்தக் கடிதங்கள்தான். 'மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடியும் ஆங்கிலம். அதைவிட உயர்ந்த ஆங்கிலம் உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்தேன்.

கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து, அங்கே புந்தோங் பகுதியில் குடியேறினோம். தாசனுக்குப் பக்கத்து லகாட்டில் ஒரு ஈயச் சுரங்க அலுவலகத்தில் கிராணி வேலை, நம் ஊர்க் குமாஸ்தா. நான் முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "வாங்க லா, சாப்பிட்டீங்களா லா" என்று கேட்டதை, நம் ஊரில் பையன்களை 'லே' போட்டுக் கூப்பிடுவது போல என்னை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அது பாசத்துக்குப் போடுகிற வால் என்று தெரிய ஒரு மாதம் ஆனது.

பிறகு ஒரு பழைய தட்டச்சு இயந்திரம் வாங்கி முன்னறையில் வைத்தோம். புந்தோங்கிலிருந்தும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தும் பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவர்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், பிறகு பட்டணத்து மலாய்ப் பள்ளியில் ஏழெட்டு வருடம் படித்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனால் புத்தகம் ஆங்கிலம். பல பாடங்களில் எழுதுவதும் ஆங்கிலம்.

அவர்கள் கையெழுத்தை நாள் முழுக்கப் பார்த்ததால் அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஆங்கிலத்தில் 'தி' என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது. தமிழிலும் கிடையாது, மலாயிலும் கிடையாது. பயந்தவர்கள் அதை எங்குமே போடமாட்டார்கள். தைரியசாலிகள் எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்கள். ஒரு பையன் எந்தக் கட்டுரையையும் 'ஆதிகாலந்தொட்டு மனிதன்' என்றுதான் தொடங்குவான், தலைப்பு கழிவுநீர்க் குழாய்களாக இருந்தாலும். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் மனப்பாடம் செய்த அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் பிழை இருக்காது என்று அவனுக்குத் தெரியும். மற்ற எந்த வாக்கியத்தையும் அவன் நம்பவில்லை.

நான் எதையும் மாற்றாமல் அடித்துக் கொடுத்தேன். அஞ்சலை வரும்வரை.

3

அஞ்சலை சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். அம்மா பால்மரம் சீவுகிறவர். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் இவள்தான். இறுதியாண்டு வேதியியல். புந்தோங்கில் அத்தை வீட்டில் தங்கி, விடுமுறையில் அறிக்கையை எழுதி முடித்துக் கொண்டுவந்தாள். மழைக்காலத்தில் ரப்பர் பால் தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்பே கோப்பையில் உறைந்துவிடுகிறதே, அதைத் தடுக்க எவ்வளவு அமோனியா விட வேண்டும் என்பது ஆராய்ச்சி. விடியற்காலையில் அம்மாவோடு அவர் சீவும் மர நிரைக்குப் போய், கோப்பை கோப்பையாகப் பால் எடுத்து அளந்திருக்கிறாள்.

முதல் பக்கத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

"அஞ்சலை, என்ன இது, தாளெல்லாம் 'மில்க்'குனு எழுதியிருக்கே? ரப்பர் பாலுக்கு இங்கிலீஷ்ல வேற வார்த்தை இல்லையா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "லேட்டக்ஸ் லா அக்கா! தெரியும், தெரியும். ஆனா எழுதும்போது வர மாட்டேங்குது. தமிழ்லயும் பாலு, மலாய்லயும் சூசு, பாலுதான். இங்கிலீசுக்காரனுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை."

"யோசிக்கதே தமிழ்லதானா?"

"மொதல்ல அம்மா பேசுற மாதிரி தமிழ்ல வரும். அப்புறம் மலாய்க்கு மாத்துவேன், சயன்ஸ் வார்த்தையெல்லாம் எனக்கு மலாய்லதான் தெரியும். கடைசியா அகராதிய வச்சுக்கிட்டு இங்கிலீசு. மூணாவது படி ஏறுறதுக்குள்ள, மொதப் படியில என்ன சொல்ல வந்தேன்னே மறந்து போயிருதுக்கா. ரொம்ப சூசா, கஷ்டம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முந்தைய கட்டுரைகளில் ஒன்றை எடுத்துக் காட்டினாள். பக்கமெல்லாம் சிவப்புக் கோடு. கடைசியில் 'மொழி மிக மோசம்' என்று ஒரு வரி. வேதியியலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒரு ரோஷம் கிளம்பியது. இவளுக்கு எவ்வளவு தெரியும், இவளைப் போய் இப்படி எழுதிவிட்டார்களே! அவள் போனதும் மூன்றாம் அத்தியாயத்தை எடுத்தேன். அறிக்கையின் உயிரே அதுதான், அவளுடைய சோதனையும் முடிவும். அதை நான் திருத்தினேன். திருத்தவில்லை, புதிதாகவே எழுதினேன். எனக்குத் தெரிந்த உயர்ந்த ஆங்கிலத்தில்.

அதில் அவள் எழுதியிருந்த ஒரு வாக்கியம் இன்றும் நினைவிருக்கிறது. மழை வந்தால் பால் அவசரப்படுகிறது என்று எழுதியிருந்தாள். பால் எங்கே அவசரப்படும் என்று நினைத்து அதை அடித்துவிட்டு, 'மேற்கண்ட பால் தொடர்பாகத் தங்களுக்குத் தெரிவிப்பது யாதெனில், மழையை முன்னிட்டு அது உறையும் நிலைக்கு ஆளாகியுள்ளது' என்ற பொருள் வரும்படி ஒரு வாக்கியத்தை அமைத்தேன். அமைத்துவிட்டு மிகவும் பெருமைப்பட்டேன்.

அஞ்சலை வந்து படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா, இது நான் எழுதினதா?"

"நீ சொன்னதுதான். கொஞ்சம் கௌரவமா சொல்லியிருக்கேன். பிடிக்கலேன்னா சொல்லு."

"ஐயோ, இல்லக்கா. பெரிய இங்கிலீசா இருக்கு. எனக்கே பாதி புரியல." அவள் தாள்களைத் தடவிப் பார்த்தாள். "அப்ப நல்லாத்தான் இருக்கும்."

அந்தப் பதிலில் இருந்த ஆபத்து அன்றைக்கு இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

4

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மதியம் அஞ்சலை வாசலில் நின்றாள். கையில் துறையிலிருந்து வந்த கடிதம். மூன்றாம் அத்தியாயம் அவள் எழுதியதல்ல என்று சந்தேகம். மறுநாளே விசாரணைக்கு வர வேண்டும். குற்றம் உறுதியானால் அறிக்கை நிராகரிக்கப்படும். அறிக்கை போனால் பட்டம் போச்சு.

"எங்கேருந்து காப்பி அடிச்சேன்னு கேக்குறாங்கக்கா. நான் என்ன சொல்றது? எங்கேருந்தும் அடிக்கலயே. ஆனா நான் எழுதலதானே?"

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அவள் கையால் எழுதிய தாள்கள் என்னிடம் பத்திரமாக இருந்தன. நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

தாசன் வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே நின்றுவிட்டார்.

"நீ எந்தப் பாஸ்ல இருக்கே, ஞாபகம் இருக்கா? வீட்டுக்காரரோட தங்கலாம், வேல செய்யக்கூடாதுன்னு எழுதியிருக்கு. அங்க போயி நாந்தான் டைப் அடிச்சேன்னு சொல்லப்போற. எழுதிக் கையெழுத்துப் போடுன்னு சொன்னா? அந்தத் தாளு யார் கைக்குப் போவும்?"

அப்போது எனக்குச் சிவப்பு அட்டைகூட வரவில்லை. வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் பாஸ். புதுப்பிக்காவிட்டால் கப்பல்தான். ஜெனிக்கு எட்டு வயது.

"தெரியும்," என்றேன். "ஆனா தப்பு பண்ணது நானு. பட்டம் போகப்போறது அவளுக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "நாளைக்கு லீவு போடுறேன். ஜெனிய நான் பார்த்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் மொத பஸ்ஸப் புடிங்க," என்றார்.

பல்கலைக்கழகம் பினாங்குத் தீவில்; பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து ஃபெரி, மறுபடி பஸ். பாரிட் புந்தாரைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் வயல்கள் பச்சையாகக் கிடந்தன. நம் தாமிரபரணிப் பக்கம் போல இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அஞ்சலை மடியில் இருந்த தாள்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டு, சொல்லவேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அறையில் இரண்டு பேர். துறைத் தலைவர், நரைத்த மலாய்க்காரர். இன்னொருவர் அஞ்சலையின் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்தவர், டாக்டர் ஓங் என்ற சீனப் பெண்மணி. மேசைமேல் நான் அடித்த அறிக்கை. எனக்கு மலாய் வராது என்பதால் ஆங்கிலத்தில் பேசலாம் என்றார்கள்.

எழுந்து நின்றேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. ஆனால் வாய் தானாகத் திறந்தது. எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் வெளியே வந்தது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர். கீழே கையொப்பமிட்டுள்ள நான் தங்கள் சமூகத்தில் பணிந்து தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்கண்ட அறிக்கை தொடர்பாக..."

டாக்டர் ஓங் சட்டென்று நிமிர்ந்தார். அறிக்கையை இழுத்து மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார். ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு, "தயவுசெய்து தொடருங்கள்," என்றார்.

"...மேற்படி மாணவியின் அறியாமையில், அதாவது அவளுக்குத் தெரியப்படுத்தாமல், மூன்றாம் அத்தியாயமானது அடியேனால் மாற்றத்துக்கு உள்ளாக்கப்பட்டது என்பதை..."

டாக்டர் ஓங் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பிறகு அறிக்கையைத் துறைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்று இரண்டு வாரமாக நூலகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்," என்றார். "அந்தப் புத்தகம் இதோ நம் முன்னால் நிற்கிறது."

எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவர் சிரிப்பில் ஏளனம் இல்லை. நான் கையெழுத்துத் தாள்களை நீட்டினேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள்.

துறைத் தலைவர் சிரிக்கவில்லை. "இந்த அத்தியாயத்தை எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டது. இந்த மாணவிக்குத் தன் வேலையைத் தானே எழுதத் தெரியுமா என்பது இன்னும் தெரியவில்லை," என்றார். ஒரு கற்றை வெள்ளைத் தாளை அஞ்சலை முன்னால் வைத்தார். ஒரு மணி நேரம். அகராதி கிடையாது. மூன்றாம் அத்தியாயத்தில் செய்தது என்ன, கண்டது என்ன, எழுது.

என்னை வெளியே நடைபாதையில் உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிச் சன்னல் வழியாக அவள் தெரிந்தாள். பத்து நிமிடம் ஒரு எழுத்தும் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி உதடுகள் மட்டும் அசைந்தன. தமிழ்தான் பேசிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு குனிந்தாள். அதற்கப்புறம் தலையைத் தூக்கவே இல்லை. நான் எத்தனையோ பேருடைய எழுத்தை அடித்திருக்கிறேன். ஒருவர் எழுதுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுபடி உள்ளே கூப்பிட்டபோது துறைத் தலைவர் சிவப்புப் பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தார். பென்சில் நின்று நின்று போனது. டாக்டர் ஓங் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்து ஒரு வாக்கியத்தை உரக்கப் படித்தார். மழை வந்தால் பால் அவசரப்படுகிறது.

"லேட்டக்ஸ் அவசரப்படுகிறது என்று உனக்கு யார் சொன்னது?"

"என் அம்மா," என்றாள் அஞ்சலை, ஆங்கிலத்தில், மெதுவாக. "முப்பது வருஷமாக மரம் சீவுகிறார். மேகம் கறுத்தால் கோப்பையைத் தொட்டுப் பார்த்து அப்படித்தான் சொல்வார். அது உண்மையா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சியையே எடுத்தேன்."

"இதை ஏன் நீ என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை?"

"அது இங்கிலீஷ் இல்லை என்று நினைத்தேன்."

துறைத் தலைவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இருபத்தாறு பிழைகள்," என்றார் கண்டிப்பான குரலில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இருபத்தாறும் இந்தப் பெண்ணுடையவை. வேறு யாராலும் இப்படிப் பிழை விட முடியாது. வேறு யாராலும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவும் முடியாது."

அது தண்டனை அல்ல, விடுதலை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அஞ்சலைக்கு முதலிலேயே புரிந்துவிட்டது. என் கையை மேசைக்கடியில் பிடித்து நெரித்தாள்.

நான் அடித்த அத்தியாயம் நீக்கப்படும். அவள் எழுதியதிலிருந்து, பிழை இருக்கும் இடத்தை மட்டும் டாக்டர் ஓங் சுட்டிக்காட்ட, அவளே திருத்தி, இரண்டு வாரத்தில் தர வேண்டும். என்னிடம் ஒரு வாக்குமூலம் வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகு பல மாதங்கள், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால் குடிநுழைவுத் துறையிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அந்த வருடமும் பாஸ் புதுப்பிக்கப்பட்டது.

5

திரும்பி வந்ததும், புதிய அத்தியாயத்தை வேறு யாரிடமாவது கொடுத்து அடித்துக்கொள் என்றேன். அஞ்சலை கேட்கவில்லை.

"நீங்கதான் அடிக்கணும். ஆனா நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்," என்றாள்.

உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாக்கியமாகப் படித்துக் காட்டினாள். நான் அடித்தேன். சில இடங்களில் கை தானாக நின்றுவிடும்.

"என்னக்கா, தப்பா இருக்கா?"

"தெரியல. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லாத மாதிரி இருக்கு."

"டாக்டர் இங்க கோடு போடல. அப்படியே அடிங்க."

அடித்தேன். 'நான்' என்ற சொல் ஆய்வில் வரக்கூடாதாம். 'நான் அளந்தேன்' என்று எழுதாமல் 'அளக்கப்பட்டது' என்றுதான் எழுத வேண்டுமாம். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. "விடியக்காலைல அட்டைக்கடி வாங்கிக்கிட்டு அளந்தது நானு. அளக்கப்பட்டதாம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள். ஒரே ஓர் இடத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அத்தியாயத்தின் தொடக்கத்தில், மரம் சீவுகிறவர்கள் சொல்வதாக, மேற்கோள் குறிகளுக்குள், பால் அவசரப்படுகிறது என்ற வாக்கியம் இருந்தது. டாக்டர் ஓங் அதன் பக்கத்தில் கோடு போடவில்லை. சின்னதாக ஒரு சரி போட்டிருந்தார்.

அஞ்சலை தேறினாள். முதல் வகுப்பெல்லாம் இல்லை. ஆனால் தேறினாள். செய்தி வந்த அன்று அவள் அம்மா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, "எம்மவ எழுதுனது சரின்னுட்டாங்களாமே!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். தேறிவிட்டாள் என்று அவர் சொல்லவில்லை. எழுதியது சரி என்றுதான் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அஞ்சலை மறுபடி வந்தாள். ரப்பர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். விண்ணப்பத்தைக் கொண்டுவருவாள் என்று புதிய ரிப்பன்கூட மாட்டி வைத்திருந்தேன். தாளை வாங்கக் கையை நீட்டினேன்.

அவள் பையிலிருந்து எடுத்தது ஓர் உறை. ஒட்டியிருந்தது.

"கையாலயே எழுதிட்டேன்கா. கையெழுத்துலதான் வேணும்னு கேட்டிருந்தாங்க. மேல அட்ரஸ் மட்டும் அடிச்சுக் குடுங்க."

உள்ளே என்ன எழுதியிருக்கிறாள், யாரிடமாவது காட்டினாளா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. உறையை உருளையில் செருகி, அவள் சொல்லச் சொல்ல முகவரியை அடித்தேன். மூன்று வரி. அவள் அதைச் சரிபார்த்துவிட்டு, "சரிக்கா, வாரேன்," என்று தபால்பெட்டியை நோக்கி நடந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் அடித்ததிலேயே மிகச் சிறியது அந்த மூன்று வரி. அவ்வளவு பெருமையோடு எதையும் அடித்ததில்லை.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது.